வீட்டுக் கழிவுநீரும் மண்ணில்லாப் பயிரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

    

வெள்ளி விழாவில் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்களைக் கேட்டேன். "நீங்கள் வேதியியல் ஆசிரியராக இருந்தவர். வீட்டில் குளித்த நீரைத் தெளியவைத்து, மாடியில் மண்ணில்லாமல் கத்தரியும் தக்காளியும் வளர்க்கிறீர்கள். அதைப் பற்றியே பேசுங்கள்" என்றார். ஒப்புக்கொண்டேன். செய்தி தெருவில் பரவியது. கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவர் வீடு தேடி வந்தார். "ஐயா, நம் பாட்டன் பூட்டன் ஊரார் சாக்கடையை அள்ளினார்கள். அதிலிருந்து மீளத்தான் நாங்கள் படிக்கிறோம். நீங்கள் மேடையேறி மறுபடியும் சாக்கடையைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

அக்கேள்வியில் கோபமும் இருந்தது, நியாயமும் இருந்தது. அதற்கு விடை கூறாமல் தொட்டி கட்டும் முறையை விளக்கத் தொடங்கினால் அது நேர்மையாகாது. ஆகவே அந்தத் தம்பியின் கேள்வியிலிருந்தே என் உரையைத் தொடங்குகிறேன்.

நீரின் தூய்மை எது?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான் இருந்தது. நம் தாய்மார்கள் குடங்களுடன் கிணற்றடிக்கு அப்பால் காத்து நிற்பார்கள். யாரேனும் இரக்கப்பட்டு இறைத்து, உயரத்திலிருந்து ஊற்றினால்தான் குடம் நிறையும். குடத்தின் விளிம்பு வாளியில் பட்டுவிட்டால் வசைமொழிதான் கிடைக்கும். ஆனால் ஊரின் சாக்கடை மட்டும் ஒரு தடையுமின்றி நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. பள்ளமான இடத்தைத்தானே நமக்குக் குடியிருப்பாக ஒதுக்கியிருந்தார்கள்! நல்ல நீர் நம்மிடம் வரத் தயங்கியது. கெட்ட நீர் தயங்கவே இல்லை.

1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், மகாராட்டிரத்து மகாடு நகரில், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளிப் பருகினார் என்பதை நாம் அறிவோம். அதன்பின் நடந்ததையும் நினைவில் கொள்ளுங்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூறி, சாணம், கோமியம், பால், தயிர் ஆகியவற்றை 108 குடங்களில் கரைத்துக் குளத்தில் கொட்டினார்கள். அதற்குத் 'தூய்மைச் சடங்கு' என்று பெயர் சூட்டினார்கள். வேதியியல் கற்ற ஒருவன் அன்று அச்சடங்குக்கு முன்னும் பின்னும் குளத்து நீரைக் குப்பியில் எடுத்துச் சோதித்திருப்பானாயின், குளம் எப்போது மாசுற்றது என்பதை ஐயமறக் கூறியிருப்பான். வழக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பாயிற்று.

அந்தக் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகியவரே, 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம், ஈராகுட் திட்டம் முதலிய பெரும் நீர்த் திட்டங்களுக்கு அடிகோலினார். நீரைத் தொடும் உரிமையைக் கேட்டவர், நீரை ஆளும் அறிவையும் தேடினார். இன்று நான் சொல்ல வந்த கருத்து இதுவே: நீரின் தூய்மையைத் தீர்மானிப்பது அதைத் தொட்டவனின் பிறப்பு அன்று, அதில் கரைந்துள்ள பொருள்களும் அதில் வாழும் நுண்ணுயிர்களுமே. அவற்றை அளக்கலாம், நீக்கலாம். அந்த அறிவு நம் பிள்ளைகளின் கையில் இருத்தல் வேண்டும்.

நம் வீட்டு நீர்

கழிவுநீர் என்பது ஒரே வகையன்று. கழிப்பறை நீர் வேறு. குளித்த நீர், துணி அலசிய நீர், பாத்திரம் கழுவிய நீர் வேறு. முன்னதில்தான் நோய்க் கிருமிகள் மிகுதி. அதை நாம் இங்கே தொடப் போவதில்லை. அது மூடிய குழாய் வழியே உரிய தொட்டிக்கோ பாதாளச் சாக்கடைக்கோ செல்லட்டும். நாம் பேசுவது பின்னதைப் பற்றி மட்டுமே. அதிலும் குழந்தையின் மலம் பட்ட துணி துவைத்த நீர், நோயாளியின் துணி துவைத்த நீர், இறைச்சி கழுவிய நீர் ஆகியவற்றை விலக்கிவிட வேண்டும்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்தில் ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் என்று அளவு வகுத்தது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கழிப்பறைக்கும் போக, நூற்றைம்பது லிட்டரேனும் குளியலறையிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் வெளியேறும். நம் தாய்மார்கள் இதன் மதிப்பை முன்பே அறிந்தவர்கள். குளிக்கும் மறைப்பின் பின்னால் ஒரு வாழையும் நாலு சேம்பும் இல்லாத குடிசை அந்நாளில் உண்டா? அவர்கள் கண்ட பயனையே நாம் அளந்தறிந்து செய்யப் போகிறோம்.

இந்த நீரைத் தெளிவிக்கும் முறை எளிது. முதலில் ஒரு பீப்பாயில் தேக்கி, சோப்பு நுரையும் எண்ணெய்ப் பிசுக்கும் மேலே ஒதுங்கவும், மண்டி அடியில் படியவும் விட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தல் ஆகாது, நாற்றம் பிடித்துவிடும். அடுத்து, முக்கால் அங்குல ஜல்லி நிரப்பிக் கல்வாழையோ நாணலோ நட்ட ஆழமற்ற தொட்டி. நாணல் வகைகள் கழிவுநீரைத் தெளிவிக்க வல்லவை என்பதை 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்னும் பெண் அறிவியலாளர் ஆய்ந்து காட்டினார். ஜல்லியிலும் வேரிலும் படர்ந்து வாழும் நுண்ணுயிர்களே அழுக்கை உண்டு செரிக்கின்றன. நீர்மட்டம் ஜல்லிக்கு நான்கு விரற்கடை கீழேயே நிற்க வேண்டும். அப்போதுதான் கொசு முட்டையிட இடமிராது.

தொட்டியின் அளவை மாணவர்களே கணக்கிடலாம். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று ஐந்து சதுர மீட்டர் பரப்பு. நீர் நிற்கும் ஆழம் அரை மீட்டர். கொள்ளளவு இரண்டரைக் கன மீட்டர். ஜல்லிக் கற்களின் இடைவெளி ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு. ஆகவே அதில் 1000 லிட்டர் நீர் நிற்கும். நாளுக்கு 150 லிட்டர் விட்டால், ஒரு சொட்டு நீர் ஆறு நாள்களுக்கு மேல் உள்ளே தங்கியே வெளிவரும். இத்தொட்டியைத் தரையில்தான் அமைக்க வேண்டும். ஜல்லியும் நீருமாகச் சேர்ந்து ஐந்து டன் எடைக்கு அருகில் வரும். மாடியில் வைத்தால் தளம் தாங்காது.

மூன்றாவது படி மணல் வடிகட்டி. 1829இல் லண்டனில் செல்சி நீர் நிறுவனத்துக்காக ஜேம்சு சிம்சன் என்னும் பொறியாளர் அமைத்த மெதுமணல் வடிகட்டி இன்றளவும் பயன்படும் முறை. மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் வழவழப்பான ஓர் ஏடு படியும். கிருமிகளைக் குறைப்பதில் அந்த ஏட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அழுக்கென்று எண்ணி அதை அடிக்கடி சுரண்டிவிடலாகாது. நீர் இறங்குவது மிகவும் தளர்ந்தால் மட்டும் மேல் மணலை ஒரு விரல் கனத்துக்கு வழித்தெடுத்தால் போதும். இவ்வாறு தெளிந்த நீர் கண்ணாடி போல் இருக்கும். ஆயினும் கண்ணுக்குத் தெளிவானதெல்லாம் தூய்மையானது அன்று என்பதைப் பின்னர் விளக்குகிறேன்.

மண்ணில்லாப் பயிர்

தெளிந்த நீரை என் வீட்டில் சிறு பம்பு கொண்டு மாடிக்கு ஏற்றுகிறேன். அங்கே மண் இல்லை. மண் இல்லாமல் பயிர் வளருமா என்ற கேள்விக்கு வயது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். இங்கிலாந்தில் சான் உட்வர்டு என்பவர் புதினாவை மழைநீரிலும், தேம்சு ஆற்று நீரிலும், ஐடு பூங்கா நீர்க்காலின் நீரிலும், அந்நீரில் தோட்டமண் கரைத்ததிலும் தனித்தனியே வளர்த்தார். மழைநீரில் வளர்ந்தது மெலிந்தது. மண் கரைத்த நீரில் வளர்ந்தது செழித்தது. செடிக்கு உணவாவது நீர் மட்டுமன்று, அதில் கரைந்துள்ள பொருளும் ஆகும் என்பதை 1699இல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் சாக்சும் நோப்பும், எந்தெந்த உப்புகள் இருந்தால் நீரிலேயே செடி வளரும் என்பதைக் கண்டறிந்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக் கெரிக் என்பவர் இதைப் பயிர்த்தொழிலாக ஆக்க முயன்றார். அம்முறைக்கு 1937இல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் வழங்கலாயிற்று. நீர், உழைப்பு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது.

இது செல்வர்களின் கண்ணாடிக் கூடத்துக்கு மட்டுமே உரியதென்று எண்ண வேண்டாம். 1940களின் பிற்பகுதியில் வங்காளத்தின் காலிம்போங்கில் சோல்டோ டக்ளசு என்பவர், எளிய மக்கள் மின்சாரமும் விலையுயர்ந்த கருவிகளும் இன்றிச் செய்யத்தக்க முறையை உருவாக்கினார். கல்துகள் நிரப்பிய தொட்டியில் உரவுப்பைத் தூவி நீர் ஊற்றும் முறை அது. 'வங்காள முறை' என்றே அதற்குப் பெயர். 1951இல் நூலாகவும் வந்தது. நான் பின்பற்றுவதும் அதற்கு நெருங்கிய முறைதான். அடியில் துளையிட்ட வாளிகளில், நன்கு அலசிய தென்னை நார்க்கழிவை நிரப்பி நாற்று நடுகிறேன். குழாயில் மெல்லிய நீரோட்டம் விடும் முறையில் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலும் வேர் காய்ந்துவிடும். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீர்ச் சிக்கனத்தில் இம்முறைக்கு இணை அரிது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தை வைத்துக் கணக்கிட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கிலோ லெட்டூசுக் கீரைக்கு வயலில் 250 லிட்டர் நீரும், மண்ணில்லா முறையில் 20 லிட்டர் நீரும் ஆகும் என்றது. அதே ஆய்வு, மண்ணில்லா முறைக்கு எரியாற்றல் எண்பது மடங்கு கூடுதல் என்றும் காட்டியது. அது பெரும்பாலும் கூடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் செலவு. பச்சை நிழல்வலை ஒன்றைக் கட்டித் திறந்தவெளியில் வளர்க்கும் நமக்கு அச்செலவு இல்லை.

என் தோல்வியும் அது கற்பித்ததும்

முதலாண்டில் நான் தோற்றேன். கழிவுநீர் என்றாலே உரம் என்று எண்ணி, சலவைத்தூள் நீரையும் சேர்த்து வடிகட்டி, வேறொன்றும் கலக்காமல் கத்தரிக்கு ஊற்றினேன். மூன்றாம் வாரத்தில் இலை விளிம்புகள் கருகின. வாளியின் ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்தது. புதுத் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் வெளிறின. நாற்பது செடிகளில் ஆறு தேறின. முப்பதாண்டுக் காலம் வேதியியல் கற்பித்தவன், தன் வீட்டு நீரை ஒருமுறையேனும் சோதிக்காமல் ஊற்றியதற்குக் கிடைத்த தண்டனை அது.

பிறகு கணக்கைப் பார்த்தேன். வீட்டுக் கழிவுநீரின் தழைச்சத்தில் பெரும்பங்கு சிறுநீரிலிருந்து வருவது; அதைத்தான் நாம் விலக்கிவிட்டோமே! குளியல் நீரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவே தழைச்சத்து இருக்கும். ஓக்லண்டு, ஆர்னன் ஆகிய இருவரும் 1938இல் வெளியிட்ட புகழ்பெற்ற கரைசலிலோ அது 210 மில்லிகிராம். ஆகவே கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், எப்சம் உப்பு, மணிச்சத்து உப்பு, இரும்புச் செலேட் முதலிய சத்துகளை அளந்து சேர்த்தே ஆக வேண்டும். இம்முறையில் நமக்கு மிஞ்சுவது நீர், உரமன்று. இதைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும்.

சலவைத்தூளில் சோடியம் உப்புகள் மிகுதி. செடி நீரைப் பருகிவிட்டுச் சோடியத்தை விட்டுவைக்கும். சுழன்று வரும் நீரில் அது நாளுக்கு நாள் ஏறும். ஆதலால் சலவையின் முதல் நீரை விலக்கி, கடைசி அலசலை மட்டும் சேர்க்கிறேன். இரு வாரத்துக்கு ஒருமுறை பழைய கரைசலை மாற்றி, உப்பைத் தாங்கும் தென்னைக்கு விட்டுவிடுகிறேன். சோப்பு நீர் காரத்தன்மை உடையது. காரம் ஏறினால் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க இயலாது. தளிர் மஞ்சளானதன் காரணம் அதுவே. கரைசலின் பிஎச் அளவு ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் நிற்க வேண்டும். இதை அளக்க நிறம் மாறும் தாள் போதும். எட்டாம் வகுப்பு மாணவி கூட இதைச் செய்யலாம்.

எதை உண்ணலாம்?

தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். 1989இல் உலகச் சுகாதார நிறுவனம், பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் நூறு மில்லி லிட்டருக்கு மலக்கிருமி 1000க்கு மேற்படலாகாது என்று வரம்பு கூறியது. 2006இல் வெளியிட்ட நெறிமுறைகளில், நீரைச் சுத்திகரிப்பதோடு பயிரைத் தேர்ந்தெடுத்தல், பாய்ச்சும் முறை, கழுவுதல், சமைத்தல் என்று அடுத்தடுத்துப் பல தடைகளை அமைக்குமாறு வற்புறுத்தியது. நாம் பின்பற்ற வேண்டியதும் அதுவே. கத்தரி, வெண்டை, அவரை, புடலை போன்று நீரில் படாமல் மேலே காய்த்து, நெருப்பில் வெந்த பின் உண்ணும் காய்களையே வளர்க்க வேண்டும். பச்சையாக உண்ணும் புதினா, கொத்தமல்லி, வெள்ளரி ஆகியவை வேண்டா. தக்காளியையும் வேகவைத்தே உண்ண வேண்டும். நீரிலுள்ள கிருமிகள் சில வேர் வழியே செடிக்குள்ளும் புகக் கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கழுவினால் அவை போகா, சமைத்தால்தான் போகும்.

மூன்று எச்சரிக்கைகள்

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்குத் திரும்புகிறேன். அவர் அஞ்சியதில் உண்மை உண்டு என்பதால் மூன்று எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மண்ணில்லாமல் பயிர் செய்யலாம் என்பதால் நமக்கு மண் தேவையில்லை என்று யாரும் முடிவு கட்டலாகாது. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892இல் சென்னை மாகாண அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்பர். அதில் பெரும்பகுதி நம் கையில் இல்லை. மாடியில் நாற்பது வாளி வைத்திருப்பவன் அந்த உரிமையைக் கைவிட்டவன் ஆகமாட்டான். அவ்வாறே, தெருவுக்கு வடிகால் அமைப்பது அரசின் கடமை. நாம் நம் வீட்டு நீரைப் பயன்படுத்துகிறோம் என்பதைக் காட்டி அக்கடமையை ஒருவரும் தட்டிக் கழிக்க இடந்தரலாகாது.

இரண்டாவது, ஒரு மனிதனும் தொட்டிக்குள் இறங்கலாகாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையில் இறக்குவதைத் தடை செய்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் மாண்டோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. அதன் பின்னும் சாவுகள் நிற்கவில்லை. மாள்பவர் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நம் தொட்டிகள் இரண்டடி ஆழத்துக்கு மேற்படலாகாது. மேலே நின்றபடியே நீண்ட பிடியுள்ள கரண்டியால் மண்டியை எடுக்கும்படி இருத்தல் வேண்டும். அவரவர் வீட்டு நீரை அவரவரே கவனிக்க வேண்டும். இத்தொழிலுக்கென்று கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தும் நாளில் நாம் தோற்றவர்களாவோம்.

மூன்றாவது, இந்த வேலை தாய்மார்களின் தலையில் விழலாகாது. நீர் சுமந்த காலத்திலும் அவர்களே சுமந்தார்கள். வடிகட்டி கழுவுவதும் உப்பு நிறுப்பதும் ஆண்பிள்ளைகளுக்கும் உரிய வேலைதான்.

சங்கம் செய்யக்கூடியது

சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் அமைந்த இரு நிலையங்கள் ஒவ்வொன்றும், நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் திறனோடு கட்டப்பட்டவை. நமீபியா நாட்டின் விண்டுகூக் நகரம் 1968 முதற்கொண்டே கழிவுநீரைத் தூய்மைப்படுத்திக் குடிநீரில் சேர்த்து வருகிறது. கழிவுநீர் விலையுள்ள பொருளாகிவிட்டது. இத்துறையில் இனிப் பொறியாளர்களும் ஆய்வாளர்களும் தேவைப்படுவார்கள். சாக்கடையின் அடியில் நம்மை நிறுத்தியவர்கள், ஆய்வுக்கூடத்திலும் நம்மைப் பின்னால் நிறுத்த விடலாமா?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கட்டடத்தின் பின்புறம் ஒரு மாதிரித் தொட்டியும் இருபது வாளிகளும் அமையட்டும். மேனிலை வகுப்பு மாணவர்கள் முறை வைத்து நாள்தோறும் நீரளவையும் பிஎச் அளவையும் குறிப்பேட்டில் எழுதட்டும். மாதம் ஒருமுறை நீரை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கிருமிச் சோதனை செய்யட்டும். காய் விளைவதைவிட அந்தக் குறிப்பேடு வளர்வதே எனக்குப் பெரிது. முதற்கட்டச் செலவுக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு மாதத் தொகையை இம்மேடையிலேயே அளிக்கிறேன்.

அந்தத் தம்பியிடம் அன்று நான் நீண்ட விடை சொல்லவில்லை. மாடிக்கு அழைத்துச் சென்று, நிறம் மாறும் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தேன். தாளை நீரில் நனைத்து, நிறத்தைப் பார்த்து, "ஏழரை இருக்கிறது ஐயா, குறைக்க வேண்டும்" என்றார். கிணற்றடியில் நின்ற என் தாயைப் பார்த்து, இந்த நீர் உனக்கு ஆகாது என்று ஊர் சொன்னது. இன்று அவள் பேரன் வயதுப் பிள்ளை, எந்த நீர் எதற்கு ஆகும் என்று அளந்து சொல்கிறான். கல்விச் சங்கம் என்பது இதற்காகத்தான் என்று நான் கருதுகிறேன்.